படிவத்தின் கடைசிப் பக்கம்

மேற்கு கென்யாவில், விக்டோரியா ஏரியை ஒட்டிய சியாயா பகுதிக் கிராமங்களில் யாராவது இறந்தால் அதற்குக் காரணம் எழுதும் மருத்துவர்களில் ஒருவனாகச் சில காலம் வேலை பார்த்தேன். அங்கே பலர் வீட்டிலேயே இறந்துபோகிறார்கள். டாக்டர் சான்றிதழ் எதுவும் இருக்காது. துக்க நாட்கள் கழிந்த பிறகு, லுவோ மொழி பேசும் உள்ளூர்ப் பணியாளர் ஒருவர் வீட்டுக்குப் போய், இறந்தவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவரிடம் கேட்டுப் படிவத்தை நிரப்பிக்கொண்டு வருவார். வெர்பல் ஆட்டாப்சி என்பது இதுதான். இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே படித்துக் காரணம் எழுதுவோம். ஒத்துப்போகவில்லை என்றால் மூன்றாமவரிடம் போகும்.

காய்ச்சலில் இறந்தவர் என்றால் மலேரியாவா நிமோனியாவா என்று பெரிய விவாதமே நடக்கும். விபத்துச் சாவுகளில் அது வராது. தண்ணீரில் மூழ்கினார், போடா போடா என்னும் வாடகை பைக்கிலிருந்து விழுந்தார், தீப்பிடித்துவிட்டது என்று குடும்பத்தாரே சொல்லிவிடுவார்கள். அதனால் அந்தப் படிவங்கள் சீக்கிரமே கை மாறிவிடும். எனக்கு உறுத்தியது அதுதான். எப்படிச் செத்தார் என்பது தெளிவாக இருப்பதாலேயே, அது ஏன் நடந்தது என்று யாரும் நின்று பார்ப்பதில்லை.

படிவத்தின் கடைசியில், வீட்டார் சொன்னதைச் சொன்னபடியே எழுத ஒரு பக்கம் உண்டு. ‘ஏன்’ என்பதற்கான பதில் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். ஓமேனா என்று விக்டோரியா ஏரியில் ஒரு பொடிமீன். நிலா இல்லாத இரவுகளில் விளக்கு வைத்தால் கூட்டமாக வரும். ஆகவே கும்மிருட்டு இரவுகளாகப் பார்த்துத்தான் மரப்படகுகள் உள்ளே போகின்றன. காற்று திடீரென்று எழும். படகு ஒருவருடையது, போகிறவர்கள் கூலியாட்கள். லைஃப் ஜாக்கெட் வாங்க அவர்களிடம் காசு இல்லை. இருந்தாலும் வலை இழுக்க இடைஞ்சல் என்று கழற்றி வைத்துவிடுவார்கள். நீச்சல் தெரியாதவர்களும் அந்தப் படகுகளில் உண்டு. இத்தனையும் எழுதியிருந்த ஒரு பக்கம், கணக்கில் ‘நீரில் மூழ்குதல்’ என்று ஒற்றைக் குறியீடாகப் போய்ச் சேரும்.

அதைவிட என்னை அதிகம் கலங்கடித்தவை தீக்காயச் சாவுகள். ஓர் இளம்பெண்ணின் படிவம் நினைவில் இருக்கிறது. தரையில் மூன்று கல் வைத்த அடுப்பு, வீட்டில் வேறு யாரும் இல்லை, சமைக்கும்போது வலிப்பு வந்து நெருப்பிலேயே விழுந்திருக்கிறாள். சின்ன வயதிலிருந்தே வலிப்பு இருந்ததாம். மாத்திரை தீர்ந்த பிறகு மறுபடி கிடைக்கவில்லை என்று அம்மா சொல்லியிருந்தார். வலிப்புக்குத் தரும் பெனோபார்பிட்டால் நூறாண்டுக்கு மேல் பழைய மருந்து, விலையும் மிகக் குறைவு. அது கையில் இருந்திருந்தால் அவள் பிழைத்திருக்கக்கூடும். நான் தீக்காயம் என்றுதான் எழுதினேன். குளத்தில் தண்ணீர் மொள்ளப் போய் வலிப்பு வந்து மூழ்கியவர்களும் இப்படியேதான் ‘நீரில் மூழ்கியவர்கள்’ ஆகிறார்கள்.

தற்கொலை மட்டும் வேறு மாதிரி. விஷம் குடித்ததை வீட்டார் வயிற்றுவலி என்பார்கள். வெட்கம் ஒரு பக்கம், சட்டம் இன்னொரு பக்கம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கும் 226ஆம் பிரிவு செல்லாது என்று கென்ய உயர் நீதிமன்றம் சொன்னதே 2025 ஜனவரியில்தான்.

அப்புறம் இன்டர்விஏ மாதிரி மென்பொருள்கள் வந்தன. ஆம், இல்லை என்ற பதில்களை வைத்துக் காரணத்தைக் கணக்கிட்டுவிடும். வேகம் அதிகம், டாக்டருக்கு டாக்டர் மாறாது, தென்னாப்பிரிக்காவின் அகின்கோர்ட், கானாவின் நவ்ரோங்கோ போன்ற ஊர்களின் சாவுக் கணக்கைக் கென்யாவோடு ஒப்பிடலாம். நல்ல கருவி, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது கடைசிப் பக்கத்தைப் படிப்பதில்லை.

தீ, தண்ணீர், சாலை, விஷம் என்று வரும் படிவங்களையாவது மென்பொருள் முடித்த பிறகு ஒரு மனிதர் படிக்கட்டும் என்று கூட்டங்களில் கேட்டுவந்தேன். அதற்கு டாக்டர் தேவையில்லை, மொழி தெரிந்த களப்பணியாளர் போதும். வலிப்பு இருந்ததா, ஹெல்மெட் இருந்ததா, படகு யாருடையது என்று குறித்துவைத்தால், ஊர்த் தலைவர் கூட்டும் பராசாவில் படகு உரிமையாளரிடமே பேசலாம். மருந்தகத்தில் பெனோபார்பிட்டால் இருப்பு எவ்வளவு என்றும் கேட்கலாம்.