பேர சொல்லிக் கூப்பிடு, பரவால்லயாம்

மார்ச் 3, 2025, திங்கள்

இன்னிக்கும் எங்கப்பாவுக்கு ஒரு கொட்டேஷன் வந்துருச்சு. ரோட்டர்டாம்ல இருந்து ஒரு ஃப்ரைட் ஏஜென்ட், டியர் மிஸ்டர்னு ஆரம்பிச்சு அப்பா பேர போட்டு நாப்பதடி கண்டெய்னருக்கு ரேட் அனுப்பியிருக்கான். அவரு திருவாரூர்ல ஈசிசேர்ல சாஞ்சுக்கிட்டு நியூஸ் பாத்துட்டு இருப்பாரு, டெமரேஜ், அதான் கண்டெய்னர் தாமதக் கட்டணம், அதப் பத்தி அவருக்கு என்ன தெரியும். எல்லாம் எச்ஆர் சிஸ்டம்ல இருக்கிற அந்த லாஸ்ட் நேம் கட்டத்தால வந்தது, காலியா விட்டா சேவ் ஆகாது, அதனால நம்மாளுங்க எல்லாரும் அதுல அப்பாவ உக்கார வெச்சிருக்கோம்.

இந்த சிங்கப்பூர்ல ஒவ்வொருத்தர் பேருக்கும் ஒரு கணக்கு. டான் வெய் மிங்னா அவரு மிஸ்டர் டான், குடும்பப் பேரு முன்னாடி வரும். மலாய்க்காரங்களுக்கு பின், பிந்தேக்கு அப்புறம் வர்றது அப்பா பேரு, நம்ம எஸ் ஓ (சன் ஆஃப்), டி ஓ (டாட்டர் ஆஃப்) மாதிரி. இந்தப் பிரச்சினைய சுத்தமா தீத்து வெச்ச ஊருன்னா ஐஸ்லாந்து தான். அங்க பெரும்பாலானவங்களுக்கு குடும்பப் பேரே இல்ல, அப்பா பேரோட ஒரு சோன் இல்லனா தோத்திர் சேத்துக்குறாங்க அவ்ளோதான், டெலிபோன் டைரக்டரியே சொந்தப் பேரு வரிசையில தான் போட்டாங்க, பிரதமரையும் பேர சொல்லித்தான் கூப்பிடுறாங்க. எந்த ரேட்டும் அங்க அப்பாவுக்குப் போகாது.

மார்ச் 5, புதன்

எங்க பாஸ் ஸ்வீடன்காரரு. வந்த அன்னிக்கே சார் வேணாம், பேர சொல்லுங்கன்னுட்டாரு. சென்னை ஆபீஸ்ல ஏழு வயசு பெரியவர கூட சார்னு சொல்லிப் பழகுன வாய், மொதல்ல பேரே வராது, ஒரு மாதிரி "எக்ஸ்கியூஸ் மீ"லயே வண்டிய ஓட்டினேன்.

ஆனா அவங்க ஊரும் எப்பவும் இப்படி இருந்ததில்லையாம். முன்னாடி எல்லாம் பட்டத்த சொல்லித்தான் பேசணும், அதுவும் எதிர்ல நிக்கிறவர்கிட்டயே "டைரக்டர் காபி சாப்பிடுறாரா"ன்னு யாரையோ பத்திக் கேக்குற மாதிரி கேக்கணும் (நம்ம ஊர்ல "அண்ணன் சாப்பிட்டாரா"ன்னு அண்ணன்கிட்டயே கேக்குறோம்ல, அதே தான்). 1967ல ப்ரூர் ரெக்செட்னு ஒருத்தர் அரசு மருத்துவ வாரியத்துக்குத் தலைவரா வந்தாரு, ஸ்டாஃப் எல்லாரையும் நான் "டு"ன்னு, அதாவது நீன்னு தான் கூப்பிடுவேன், என்னையும் பேர சொல்லியே கூப்பிடுங்கன்னு அறிவிச்சாரு. அது ஏற்கனவே மாறிட்டு இருந்த விஷயம் தான், ஆனா அதுக்கப்புறம் நாடே மாறிடுச்சு.

கேக்க நல்லாருக்கு. ஆனா எங்க பாஸ் "இத இப்படியும் யோசிக்கலாமோ"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னா அது ஆர்டர்னு புரிஞ்சுக்க எனக்கு ரொம்ப நாள் ஆகல. பேர சொல்லிக் கூப்பிடுற உரிமை எல்லாருக்கும் இருக்கு, முடியாதுன்னு சொல்ற தைரியம் அந்த மீட்டிங் ரூம்ல எத்தன பேருக்கு இருக்கு? மெயில்ல யாரு சிசி, யாரு டூன்னு பாருங்க, பழைய சார் அங்க தான் உக்காந்திருக்காரு.

மார்ச் 11, செவ்வாய்

ஜப்பான் கிளையன்ட் மீட்டிங். மூணு பேரு வந்தாங்க, எல்லாரும் எழுந்து நின்னு கார்ட ரெண்டு கையால நீட்டுனாங்க, எழுத்து நம்ம பக்கம் பாத்து இருக்கிற மாதிரி. வாங்குன கார்ட படிச்சுப் பாத்துட்டு டேபிள்ல நாங்க உக்காந்திருந்த வரிசைப்படியே அடுக்கி, எங்க பாஸோடத மட்டும் கார்ட் கேஸ் மேல வெச்சாங்க. எங்க சேல்ஸ் பையன் சீட்டாட்டத்துல போடுற மாதிரி விசிறி விட்டுட்டு அவங்க கார்ட பேன்ட் பின் பாக்கெட்ல சொருகிட்டான். அது மேல உக்காரவும் செஞ்சான்! அவங்க முகத்துல ஒண்ணும் தெரியல.

எனக்குப் பிடிச்சது வேற. அவங்கள்ல சின்னப் பையன் எங்கள எல்லாம் பேருக்குப் பின்னாடி மரியாதைக்கு சான் போட்டுக் கூப்பிட்டான், தன்னோட மேனேஜர பத்தி எங்ககிட்ட சொல்லும்போது மட்டும் வெறும் பேரு, சான் கிடையாது. வெளியாள் முன்னாடி தன் கம்பெனி ஆளுக்கு மரியாதை அடுக்கக் கூடாதாம். அடுத்த நிமிஷம் அதே மேனேஜர் பக்கம் திரும்பி "புச்சோ"ன்னு பதவியச் சொல்லி தலை குனியுறான். நம்ம ஊர்ல வெளியாள் முன்னாடி தான் "எங்க சார்"ங்கிறது இன்னும் சத்தமா வரும்.

மார்ச் 14, வெள்ளி

லஞ்ச்ல உள்ளூர் தமிழ்ப் பையன் ஒருத்தன் என்எஸ், அதான் கட்டாய ராணுவ சேவை, அந்தக் கதை சொன்னான். ஆபீசர்னா சார், வாரன்ட் ஆபீசர்னா என்சிக். தமிழனா இருந்தாலும் சீனனா இருந்தாலும் என்சிக் தான். சார பாத்து பயம் வராது, என்சிக்க பாத்தா வரும்னான். நம்புறேன்.

மார்ச் 20, வியாழன்

ஹோ சி மின் சிட்டில புதுசா ஒரு பொண்ணு ஜாயின் பண்ணியிருக்கு. மொத கால்லயே என் வயசு கேட்டுச்சு. பக்கத்துல இருந்த ஆஸ்திரேலியாக்காரருக்கு முகமே மாறிடுச்சு, எனக்கு அது சாதாரணமா இருந்துச்சு. வியட்நாம்ல ஆபீஸ்லயும் அண்ணன், அக்கா, தங்கச்சி கணக்கு தான், ஆன், சி, எம்னு, வயசு தெரியாம வாய தொறக்கவே முடியாது. இப்ப நான் அதுக்கு சி.

கொரியால இத ஒழிக்கணும்னே கம்பெனிங்க கெளம்புனாங்க. பதவிப் பேர விட்டுட்டு எல்லாருக்கும் பேரோட மரியாதைக்கு ஒரு "நிம்" போதும்னு சிஜேங்கிற கம்பெனி 2000லயே கொண்டாந்துச்சு, சாம்சங் எலக்ட்ரானிக்ஸ் 2017ல பண்ணுச்சு. எங்க கொரியா ஆள்கிட்ட கேட்டேன், ஆபீஸ்ல நிம் தான், சாப்பிடப் போனா மூத்தவருக்கு ரெண்டு கையால தான் ஊத்தணும்னு சிரிச்சாரு.

நம்ம வேர்ஹவுஸ்ல அதெல்லாம் இல்ல, அங்க வேலை பாக்குறவர நான் கூப்பிடுறது அண்ணே தான். எனக்கும் அது தான் வசதி, ஆனா எதுக்கு வசதின்னு இன்னிக்கு சாயங்காலம் நல்லாவே தெரிஞ்சுச்சு. லோடு லேட்டு, கப்பலுக்கு கட்ஆஃப் நாளைக்குக் காலைல, "அண்ணே கொஞ்சம் பாத்து இன்னிக்கே முடிச்சுக் குடுங்கண்ணே"ன்னேன், சரிம்மான்னு பேலட்ட எல்லாம் ராப் சுத்தி எட்டரை மணி வரைக்கும் நின்னாரு. ஓடி (ஓவர்டைம்) கிளெய்ம் போடல. தங்கச்சிகிட்ட போய் யாரு காசு கேப்பா? எங்க பாஸ் அவரையும் பேர சொல்லித்தான் கூப்பிடுறாரு, ரொம்ப சமமா, ஆனா அவரு எட்டரை மணிக்கு அங்க நின்னது பாஸுக்குத் தெரியவே தெரியாது.

மார்ச் 26, புதன்

ஓடி விஷயத்த பாஸ்கிட்ட சொன்னேன். பேர சொல்லியே கூப்பிட்டு, நேரா. உடனே ஓகேன்னாரு, எச்ஆர் ஃபார்ம் கேட்டுச்சு, பிரின்ட் எடுத்துட்டுப் போய் குடுத்தேன். இதெல்லாம் எதுக்கும்மான்னாரு அண்ணன். சட்டம்ணேன்னேன், முந்தின மாசத்துதையும் சேத்து எழுதச் சொன்னேன். கையெழுத்து போட்டுட்டு, "அடுத்த தடவ லேட்டாகும்னா மத்தியானமே சொல்லிடும்மா, நாங்க தங்குற டார்முக்குப் போற லாரி ஏழு மணிக்கே போயிடுது, அன்னிக்கு ரெண்டு பஸ் மாறிப் போனேன்"னாரு. இனிமே லேட்டானா கிராப் டாக்ஸி காசும் கிளெய்ம்ல சேக்க முடியுமான்னு எச்ஆர்கிட்ட கேட்டிருக்கேன், இன்னும் ரிப்ளை வரல.