பில்லில் ஏறாத சான்றிதழ்

அலுவலகங்களுக்கு மேசை, அலமாரி, கதவு, தடுப்புப் பலகை முதலியவற்றை வாங்கித் தரும் கொள்முதல் பிரிவில் பணியாற்றிய ஆண்டுகளில், விற்பனையாளர்கள் என்னிடம் அதிகம் நீட்டிய ஆவணம், காடுகளைப் பொறுப்புடன் பேணுவதற்கான தரங்களை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான எஃப்.எஸ்.சி.யின் சான்றிதழ் நகல்தான். 1993-இல் தொடங்கப்பட்ட அந்த அமைப்பின் முத்திரையைக் கண்டதும் கோப்பை மூடிவிடுவது எங்கள் பிரிவில் வழக்கமாக இருந்தது. ஆனால், சான்று பெற்ற மரத்தைத் தனியே அடையாளம் காட்டிக் கையாளும் ஏற்பாடு விற்கும் நிறுவனத்திடம் உண்டு என்பதை மட்டுமே அந்த நகல் சொல்கிறது; அதே நிறுவனம் சான்றில்லாத மரத்தையும் விற்கலாம். நமக்கு வந்து இறங்கும் சரக்கு எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அதற்குரிய பில்தான் காட்ட வேண்டும். விற்பவரின் சான்று எண்ணும், ‘எஃப்.எஸ்.சி. 100%’ அல்லது ‘எஃப்.எஸ்.சி. மிக்ஸ்’ (சான்று பெற்ற மரத்தோடு பிற மூலப்பொருளும் கலந்தது) போன்ற குறிப்பும் அதில் இருக்க வேண்டும். அந்த எண்ணை எஃப்.எஸ்.சி.யின் பொதுத் தரவுத்தளத்தில் தேடினால், சான்று நடப்பில் உள்ளதா, நாம் வாங்கும் பொருள்வகை அதில் அடங்குமா என்பது உடனே தெரிந்துவிடும்.

மரம் சட்டப்படி வெட்டப்பட்டதா என்று நேராகக் கேட்பதில் பயனில்லை. அதற்கு ‘ஆம்’ என்பதைத் தவிர வேறு விடை எனக்கு வந்ததில்லை. அதனால் மரத்தின் தாவரவியல் பெயரையும் அது வெட்டப்பட்ட நாட்டையும் விலைப்புள்ளியிலேயே எழுதித் தருமாறு கேட்கத் தொடங்கினேன். சட்டவிரோதமாக வெட்டிய மரத்தின் வணிகத்தைத் தடுக்க 2008-இல் திருத்தப்பட்ட அமெரிக்காவின் லேசி சட்டம் இறக்குமதியாளரை அறிவிக்கச் சொல்பவற்றுள்ளும் இவ்விரண்டும் அடங்கும். ‘ரோஸ்வுட்’ என்ற வணிகப் பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்துகொள்ளலாம். அவற்றுள் பிரேசில் ரோஸ்வுட் 1992 முதலே, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது.

எனக்கு அதிகத் தொல்லை கொடுத்தது பிளைவுட். மேல்தாள் ஒரு நாட்டிலிருந்தும் உள்ளடுக்குகள் வேறொரு நாட்டிலிருந்தும் வந்திருக்க, பலகை ஒட்டப்பட்ட நாட்டின் பெயரே எல்லாவற்றுக்கும் பிறப்பிடமாகக் காட்டப்படும். (மேல்தாளை மட்டும் விவரித்துவிட்டு உள்ளே ‘கலப்பு மரம்’ என்று முடித்துக்கொள்ளும் விலைப்புள்ளிகளை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.)

சரக்கு இறங்கிய பின் இதையெல்லாம் கேட்டால் மழுப்பலே மிஞ்சும். பில்லில் உரிய குறிப்பு இல்லாவிட்டால் பணம் நிறுத்தி வைக்கப்படும் என்ற நிபந்தனையைக் கொள்முதல் ஆணையில் சேர்த்த பிறகு, சிலர் விலைப்புள்ளியே தராமல் ஒதுங்கினர். போட்டி குறைந்துவிட்டதாக நிதிப் பிரிவினர் வருந்தினார்கள். எனக்கோ, சரிபார்க்க வேண்டியவர்களின் பட்டியல் தானாகவே சுருங்கியது நல்லதாகவே பட்டது.