கரடி பார்க்கப் போய் மீன் பார்த்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கரடி விடுகிற கதை இல்லை. கனடாவின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெல்லா கூலா பள்ளத்தாக்கில், செப்டம்பர் மாதம் மூன்று நாள் இருந்தோம். நானும் தம்பியும்.

வான்கூவரிலிருந்து வில்லியம்ஸ் லேக் என்கிற ஊர் வரை ஒரு நாள். அங்கிருந்து மேற்கே 450 கிலோமீட்டர், 20-ஆம் எண் நெடுஞ்சாலை. கடைசியில் வரும் இறக்கத்துக்கு ஊர்க்காரர்கள் பெரிதாகப் பெயர் வைக்கவில்லை, வெறுமனே 'தி ஹில்' என்கிறார்கள். சில இடங்களில் 18 சதவீதச் சரிவு, கப்பிச் சாலை, ஓரத்தில் தடுப்பும் கிடையாது. அரசாங்கம் கைவிரித்துவிட்டதால் ஊர்மக்களே மேலிருந்தும் கீழிருந்தும் புல்டோசர் விட்டு வெட்டி, 1953-ல் நடுவில் சந்தித்தார்களாம். பாதி இறக்கத்தில், "அண்ணே, ஏதோ கருகுற வாடை வருது" என்றான் தம்பி. பிரேக்தான். அரை மணி நேரம் ஓரமாக நிறுத்தி ஆறவிட்டு, அப்புறம் முதல் கியரிலேயே ஊர்ந்து இறங்கினோம்.

கீழே வந்ததும் வேறு வாடை. அட்நார்கோ ஆற்றங்கரையில், ட்வீட்ஸ்மியூர் பூங்காவுக்குள், கரடி பார்ப்பதற்கென்றே ஒரு மேடை கட்டியிருக்கிறார்கள். காலை ஏழு மணிக்குப் போய் நின்றோம். கரடி இல்லை. மூக்கைத் துளைக்கிற அழுகல் நாற்றம்தான் இருந்தது. கருவாட்டு வாடை பழகின மூக்கு என் மூக்கு, அதுவே சுருங்கிவிட்டது.

குனிந்து பார்த்தால் முழங்காலளவு தண்ணீரில் மீன், மீன், மீன். பெரும்பாலும் பிங்க் சால்மன். பிறந்த ஆற்றைவிட்டுக் கடலுக்குப் போய், இரண்டு வயதில் திரும்பி வந்து, சினை இட்டுவிட்டுச் செத்துப்போகிற ஜாதி. ஆற்றுக்குள் நுழைந்ததும் இரை எடுப்பதை நிறுத்திவிடும். ஆண் மீனுக்கு முதுகில் திமில் எழும்பி, தாடை கொக்கிபோல வளைந்துவிடுகிறது. என் காலடியில் ஒன்று நீரோட்டத்தை எதிர்த்து நின்றுகொண்டிருந்தது. வால் துடுப்பு தேய்ந்து வெறும் முள்ளாக இருந்தது, முதுகில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. உயிரோடு இருக்கும்போதே அழுக ஆரம்பித்துவிட்டது. அதுபாட்டுக்கு வாலை ஆட்டிக்கொண்டு அதே இடத்தில் நின்றது. கரடி வந்திருக்காவிட்டால் அன்றைக்கு முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

ஒன்பது மணி வாக்கில் ஒரு தாய் கிரிஸ்லி, அதாவது பழுப்புக் கரடி, இரண்டு குட்டிகளோடு. பாய்ந்து விரட்டிப் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். அம்மணி தலையைத் தண்ணீருக்குள் விட்டு, சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி நிதானமாகத் தேடினாள். பிடித்த மீனைக் கல்மேல் போட்டு, முன்னங்காலால் வயிற்றை அழுத்தினாள். ஆரஞ்சு நிறச் சினை பிதுங்கி வந்தது. அதை மட்டும் நக்கினாள். அடுத்தது ஆண் மீன். தலையைக் கடித்து மூளையை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டாள். எங்கள் வீட்டில் இப்படித் தட்டில் மிச்சம் வைத்திருந்தால் அம்மா விட்டிருக்க மாட்டார். ஆனால் குளிர்காலத்துக்குள் கொழுப்பு ஏற்ற வேண்டும், மீனும் கொட்டிக் கிடக்கிறது என்றால் கொழுப்புள்ள பாகத்தை மட்டும் தின்பதுதான் கணக்கு. கோடை தொடக்கத்தில் இணை சேர்ந்தாலும், கரு கருப்பையில் ஒட்டுவது குளிர்காலத் தொடக்கத்தில்தான். உடம்பில் கொழுப்பு போதாவிட்டால் ஒட்டவே ஒட்டாது.

மூன்றாவது மீனை அவள் கவ்விக்கொண்டு காட்டுக்குள் போனாள். அது எதற்கென்று மறுநாள் படகில் போனபோதுதான் புரிந்தது. துடுப்புப் போட்டவர் நுஹால்க் பழங்குடிக்காரர், அவர்கள்தான் இந்தப் பள்ளத்தாக்கின் சொந்தக்காரர்கள். ஒரு மணல் திட்டில் படகை நிறுத்தி, கரையோர சீடர் மரத்தடியைக் காட்டினார். பாசிமேல் நாலைந்து மீன் எலும்பு, செவுள் மூடி, புழு நெளிகிற ஒரு பாதி உடம்பு. "வேறு கரடி பிடுங்காத இடத்துக்குக் கொண்டுவந்து தின்னும். மிச்சம் மரத்துக்கு" என்றார்.

சும்மா சொல்லவில்லை. கடலில் வளர்ந்த சால்மன் உடம்பில் நைட்ரஜன்-15 என்கிற கனமான நைட்ரஜன் கூடுதலாக இருக்கும். விக்டோரியா பல்கலைக்கழகத்தின் டாம் ரைம்கன் அதை மரங்களின் ஆண்டு வளையங்களில் தேடிக் கண்டுபிடித்தார். ஹைடா குவாய் தீவுகளில் ஓர் ஓடையோரம் அவர் எண்ணியபோது, ஒரு கருங்கரடி ஒரு பருவத்தில் சுமார் 700 மீன்களைக் காட்டுக்குள் கொண்டுபோனது. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய பாதி மிச்சம் கிடந்ததாம். அதைத் தின்ன காக்கை, கழுகு, ஈ, வண்டு எல்லாம் வரும், கடைசியில் வேர்.

இந்தப் பள்ளத்தாக்கும் சேர்ந்த கரையோரக் காட்டுக்குக் கிரேட் பியர் மழைக்காடு என்று பெயர். 64 லட்சம் ஹெக்டேர், கிட்டத்தட்டத் தமிழ்நாட்டில் பாதி. 2016 ஒப்பந்தப்படி அதன் காட்டில் 85 சதவீதத்தில் மரம் வெட்டக் கூடாது. தலையையும் தோலையும் பெருமைக்கு மாட்டிவைப்பதற்காகக் கிரிஸ்லியைச் சுடுவதற்கு 2017-ல் மாகாண அரசு முற்றுப்புள்ளி வைத்தது. வெள்ளைக் கரடியும் உண்டு, கருங்கரடியிலேயே வெள்ளை மயிரோடு பிறப்பது. அதைப் பார்க்க ஆசைப்பட்டுப் படகுக்காரரிடம் கேட்டேன். "அது இங்கே இல்லை, கடல் பக்கம், பிரின்ஸஸ் ராயல் தீவுக்குப் போக வேண்டும்" என்று சிரித்தார். சரி, அது இன்னொரு முறை.

திரும்பி வரும்போது காருக்குள் நாற்றம். வரும்போது வந்த பிரேக் வாடை இல்லை. வில்லியம்ஸ் லேக்கில் நிறுத்தித் தேடினால், தம்பியின் ஷூ அடியில் பாசியோடு ஒட்டிக்கொண்டு ஒரு துண்டு மீன் தோல். கடைசிவரை, "அது ஒன்னும் நாறலையே" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.