கையெழுத்துப் போடும் முன் கேட்டது

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 11 வருஷம் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வரும் பீஸை டேபிளில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளும் வேலை. ஒரு கட்டத்தில் நான் பார்த்து அனுப்பிய பீஸ்களில் குறை பிடிபட ஆரம்பித்தது. நெஞ்சுப் பக்கம் இருக்கும் ஊசி ஓட்டை என் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் கை ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை இருந்தாலும் தெரியாமல் போகும். சூப்பர்வைசர் அண்ணன் சத்தம் போட்டார். அவர் மேல் தப்பில்லை. எனக்கே என்ன ஆகிறதென்று புரியவில்லை.

மாலைக்கண் சின்ன வயதிலிருந்தே உண்டு. ஊத்துக்குளிப் பக்கம் எங்கள் ஊர். பொழுது இறங்கினால் அமுச்சி என் கையைப் பிடித்துக்கொள்வார். "முருங்கைக்கீரை தின்னாச் சரியாப் போயிரும் கண்ணு" என்பார். வைட்டமின் ஏ குறைந்து வரும் மாலைக்கண் வேறு, எனக்கு இருப்பது வேறு என்று 32 வயதில்தான் தெரிந்தது.

கோவையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பார்வைப் பரப்புப் பரிசோதனை செய்தார்கள். வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு குழிக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டு, சுற்றி எங்காவது வெளிச்சப் பொட்டு தெரிந்தால் கையிலுள்ள பட்டனை அமுக்க வேண்டும். நாலைந்து முறை அமுக்கினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. ரொம்ப நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, "மெஷின் நின்னுபோச்சுங்களா?" என்று கேட்டேன். "இல்லீங்க, ஓடிட்டுத்தான் இருக்குது" என்றார் அந்தப் பொண்ணு. டாக்டர் வாய் திறக்கும் முன்பே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

நோயின் பெயர் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. எல்லோரும் ஆர்.பி. என்றே சொல்கிறார்கள். விழித்திரையில் மங்கிய வெளிச்சத்துக்கென்று இருக்கும் கோல் செல்கள் முதலில் சாகும். அதனால்தான் மாலைக்கண். பிறகு ஓரப் பார்வை சுருங்கிச் சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பது போல ஆகிவிடும். கடைசியாக நடுவில் உள்ள கூம்பு செல்களும் போகலாம். பரம்பரை நோய். அப்பாவுக்கு அம்மா சொந்த மாமன் மகள். ஆளுக்கொரு பழுதான மரபணுப் பிரதி இருந்து, இரண்டும் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அவர்கள் இருவருக்கும் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. அம்மா அன்று ரயிலில் வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த ஆறு மாதம்தான் ஆபத்தான காலம் என்று இப்போது நினைக்கிறேன். கண்ணைவிட, கண்ணுக்காக நாங்கள் எதையும் செய்யத் தயாராக இருந்ததுதான் ஆபத்து. ஒறம்பரை ஒருவர் வெளியூர் கிளினிக் ஒன்றைச் சொன்னார். ஸ்டெம் செல் ஊசி, இரண்டு கண்ணுக்கும் ஒரே நாளில் போட்டுவிடுவார்கள், லட்சக்கணக்கில் ஆகும், "ஆராய்ச்சி சிகிச்சை" என்றார்கள். எங்கள் வீட்டுக்காரர் நகையை அடகு வைக்கக் கணக்குப் போட்டுவிட்டார். தம்பிதான் தடுத்தான். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 3 பெண்கள் இப்படித்தான் காசு கட்டி, தங்கள் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் போட்டுக்கொண்டு, இருந்த பார்வையையும் இழந்தார்கள் என்று 2017இல் மருத்துவ இதழில் வந்ததை எனக்குப் படித்துக் காட்டினான்.

அன்று கற்றுக்கொண்ட ஒன்றை இங்கே அழுத்திச் சொல்கிறேன். உண்மையான ஆய்வு, சோதித்துப் பார்க்கும் மருந்துக்கு உங்களிடம் காசு கேட்காது. நம் நாட்டில் நடக்கும் மருந்து ஆய்வுகள் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2007இல் தொடங்கிய பதிவேடு அது, 2009 ஜூனிலிருந்து கட்டாயம். இணையத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம். நாங்கள் தேடினோம். அந்த கிளினிக்கின் பெயரில் அங்கே ஒன்றுமே இல்லை.

அப்புறம் மரபணுப் பரிசோதனை. ரத்தம் எடுப்பதற்கு முன் ஆலோசகர் ஒரு மணி நேரம் குடும்பக் கதை கேட்டார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் கல்யாணம் என்றால் நடுவில் இரட்டைக் கோடு. எங்கள் வீட்டு வரைபடத்தில் இரட்டைக் கோடு மூன்று இடத்தில் விழுந்தது.

ஆர்.பி.இ.65 என்றொரு மரபணு இருக்கிறது. அதில் பழுது உள்ளவர்களுக்கு லக்ஸ்டர்னா என்ற மரபணு மருந்தை அமெரிக்காவில் 2017 டிசம்பரில் அனுமதித்தார்கள். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 8,50,000 டாலர் என்று விலை வைத்தார்கள். விலையைக் கேட்டபின்னும், அந்த மரபணுவாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பெயர் உள்ள பழுதுக்கு மருந்தும் உண்டென்றால் அதுவே ஒரு தெம்பு. முடிவு வேறாக வந்தது: யு.எஸ்.எச்.2ஏ. இதில் சிலருக்குக் காதும் கெடும், எனக்குக் கெடவில்லை.

"அதே மாதிரி இதுக்கும் ஒரு ஊசி செய்ய முடியாதுங்களா?" என்று கேட்டேன். எங்கே வேலை என்று விசாரித்தார் ஆலோசகர். பனியன் கம்பெனி என்றேன். "உங்க அட்டைப் பெட்டியில அம்பது பீஸ்தான் போகும்னா, நூத்தி அறுபத்தஞ்சு பீஸை எப்படிங்க அடைப்பீங்க?" என்றார். நல்ல மரபணுவைக் கண்ணுக்குள் கொண்டுபோவது தீங்கில்லாத ஒரு வைரஸ். அதற்குள் மரபணுக் குறியீட்டில் சுமார் 4,700 எழுத்து நீளம்தான் போகும். என் மரபணுவில் புரதத்துக்கான பகுதி மட்டுமே 15,600 எழுத்துக்கு மேல். மரபணுவின் ஒரு குறிப்பிட்ட துண்டில் பழுது இருந்தால் அதை மட்டும் தாண்டிப் படிக்க வைப்பது போன்ற வேறு வழிகளை ஆராய்கிறார்கள் என்றும் சொன்னார். என் பழுது அந்தத் துண்டில் இல்லை. சரி, கிடைக்காது என்பதற்கு ஒரு காரணம் தெரிந்ததே போதும் என்று அன்றைக்குத் தோன்றியது. ராத்திரி தூங்க முடிந்தது.

சொந்தக்காரர்கள் அனுப்பும் வீடியோக்கள் நிற்கவில்லை. 2025 அக்டோபரில், விழித்திரைக்கு அடியில் 2 மில்லிமீட்டர் சில்லு வைத்துச் சிலரை மறுபடி எழுத்துப் படிக்க வைத்த செய்தி வந்தபோது ஒரே நாளில் ஒன்பது பேர் அனுப்பினார்கள். அது வயதானவர்களுக்கு நடுப்பார்வை போகும் நோய்க்கானது, எனக்கில்லை என்று ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னேன். ஆர்.பி.க்கென்றே முன்பு ஆர்கஸ் 2 என்றொரு கருவி வந்தது. விழித்திரையில் பதிக்கும் 60 மின்முனை, 2013இல் அமெரிக்க அனுமதி. 2019இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். கண்ணுக்குள் கருவியை வைத்துக்கொண்டவர்கள், பழுதானால் பார்க்க ஆளில்லாமல் தவித்தார்கள். இதைப் படித்த அன்றே ஒரு கேள்வியை மனதில் குறித்துவைத்தேன்: ஆய்வு முடிந்த பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்?

அந்தக் கேள்வியைக் கேட்கும் நாள் வந்தது. இன்னொரு ஆஸ்பத்திரியின் குறைபார்வைப் பிரிவில் சிறிய ஆய்வு ஒன்று. மருந்தில்லை, ஊசியில்லை. கண்ணாடிச் சட்டத்தில் மாட்டும் கேமரா, எதிரில் இருப்பதைத் தமிழில் காதில் சொல்லும். அது நடமாட்டத்துக்கு எந்த அளவு உதவுகிறது, வெறும் கைத்தடிப் பயிற்சி எந்த அளவு உதவுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

ஒப்புதல் படிவம் 14 பக்கம், பொடி எழுத்தில். பார்வை இல்லாதவர்களுக்கான ஆய்வு அது. கோஆர்டினேட்டர் பொண்ணு அன்பாகத்தான் பேசினார். "நான் சுருக்கமாச் சொல்லிடறேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்கக்கா" என்றார். எனக்கு நெஞ்சு படபடத்தது. இதற்கு முன் எந்த ஆபீஸிலும் நான் மறுத்துப் பேசியதில்லை. "முழுசும் தெரியாமப் போடமாட்டேனுங்க அம்மணி" என்றேன்.

படிவத்தை வாசிக்க முடியாதவரிடம் ஒப்புதல் வாங்கும்போது, ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முழு நேரமும் கூட இருக்க வேண்டும் என்பது விதி. தம்பி முன்பே படித்துச் சொல்லியிருந்தான். அதைச் சொன்னதும் அந்தப் பொண்ணு உள்ளே போய்க் கேட்டு வந்தார். மறுவாரம் வரச் சொல்லி, படிவத்தை என் போனுக்கு அனுப்பினார்கள். முதலில் வந்தது படமாக எடுத்த கோப்பு. போனில் எழுத்தை வாசித்துச் சொல்லும் டாக்பேக் அதில் ஒரு வார்த்தைகூட வாசிக்கவில்லை. திருப்பிச் சொன்னேன். எழுத்தாகவே அனுப்பினார்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மூன்று தரம் கேட்டேன்.

மறுவாரம் நான்கு கேள்வியோடு போனேன். பாதியில் விலகினால் என் வழக்கமான சிகிச்சை நிற்குமா? நிற்காது, எழுதியே இருக்கிறது. ஆய்வால் அடிபட்டால் செலவு யாருடையது? ஆய்வை நடத்துபவர்கள் பார்ப்பார்கள். மருந்து ஆய்வுகளில் பங்கேற்பவருக்கு இலவச சிகிச்சை தரவேண்டும் என்று 2019 விதிகளே சொல்கின்றன. ஆய்வு முடிந்ததும் கருவி யாருக்கு? திருப்பித் தர வேண்டும். இது எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஆனால் முன்னாலேயே தெரிந்தது நல்லது. கடைசிக் கேள்விக்குத்தான் அவர்களிடம் பதில் இல்லை: என் வீட்டுக்குள், என் மகள் இருக்கும் இடத்தில், அந்த கேமரா பிடிக்கும் படங்கள் எங்கே போகும்? ஆய்வு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் போன் நம்பர் படிவத்திலேயே இருந்தது. கூப்பிட்டேன். பத்து நாள் கழித்துப் படிவத்தில் ஒரு பத்தி சேர்ந்தது: படங்கள் கருவியிலேயே அழிக்கப்படும், வெளியே போகாது. அன்றுதான் சாட்சி முன்னால் கையெழுத்துப் போட்டேன்.

யாருக்கு முதலில் எது என்பதைக் குலுக்கலில் எடுத்தார்கள். எனக்கு முதல் இரண்டு மாதம் வெறும் கைத்தடி. ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஊருக்குள் வெள்ளைத் தடியோடு நடப்பதை நினைத்தே கூசினேன். வலது கால் முன்னே போகும்போது தடியின் நுனி இடது பக்கம் தட்ட வேண்டும், இடது காலுக்கு வலது பக்கம், தோள் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக. சாக்கடை மூடியின் சத்தம் வேறு, மண்ணின் சத்தம் வேறு. மூன்றாம் வாரம், பொழுது இறங்கியபின், யார் கையையும் பிடிக்காமல் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வந்தேன். பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. வாசலில் நின்று அழுதேன்.

அளவெடுப்பது ஒரு நீண்ட வராந்தாவில். ஸ்டூல், படி, பாதி திறந்த கதவு எல்லாம் வைத்து, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து நடக்கச் சொல்வார்கள். எத்தனை முறை இடித்தேன், எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொள்வார்கள். லக்ஸ்டர்னா வேலை செய்ததா என்று பார்த்ததும் இப்படித் தடைகள் வைத்த பாதையில் நடக்கவிட்டுத்தான். அதனால் ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக நடந்தேன். நல்ல பெயர் வாங்குவதற்காக மெதுவாக நடந்தால் கணக்கே பொய்யாகிவிடும்.

கருவி கையில் வந்தபோது சில விஷயங்களில் அசந்துபோனேன். ரூபாய் நோட்டைச் சரியாகச் சொன்னது. மருந்து அட்டையை, கம்பெனி நோட்டீஸை வாசித்தது. பஸ்ஸில் திணறியது. நம் பக்கத்துத் தனியார் பஸ்களில் முகப்பு முழுக்க பஸ்ஸின் பெயரைப் பெரிதாக வளைத்து எழுதியிருப்பார்கள், ஊர் பெயர் ஓரமாக இருக்கும். கருவி பஸ் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். காதில் மாட்டும் இயர்போன் இன்னொரு தொல்லை. ரோட்டில் வண்டி வருவதை நான் இரண்டு காதாலும்தான் பார்க்கிறேன். இதையெல்லாம் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். முகத்தளவு கட்டியிருக்கும் கொடிக்கயிற்றைத் தடியும் காட்டவில்லை, கேமராவும் காட்டவில்லை. "உங்க வராந்தாவுல கொடிக்கயிறு இல்லீங்களே" என்றேன். அடுத்த தடவை போனபோது ஒன்று கட்டியிருந்தார்கள், துண்டு தொங்கவிட்டு.

இடையில் மாற்றுத் திறனாளி அடையாள அட்டையும் வாங்கினேன். 10 டிகிரிக்கும் குறைவான பார்வைப் பரப்பை 2016 சட்டம் பார்வையின்மை என்றே வகைப்படுத்துகிறது. எழுத்து தெரிகிறதே, உனக்கெதற்கு அட்டை என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். கம்பெனியில் இப்போது செக்கிங்கில் இல்லை. ஆபீஸில் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஆர்டர் விவரம் சொல்லும் வேலை.

கடைசிச் சந்திப்புக்குப் போன அன்று கருவியைத் திருப்பிக் கொடுத்தேன். ரசீது வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், பெஞ்சில் தாராபுரத்துப் பெரியவர் ஒருவர், ஆய்வில் புதிதாகச் சேர வந்தவர். கோஆர்டினேட்டர் பொண்ணு அவர் பக்கத்தில் போனை வைத்து ஒப்புதல் படிவத்தை ஓடவிட்டார். யாரோ நிதானமாக வாசித்துப் பதிவு செய்த குரல், நம் தமிழில். நெறிமுறைக் குழுவின் நம்பரை இரண்டு முறை சொன்னது.

ஆள் இருக்கும் சத்தம் கேட்டுப் பெரியவர் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க அம்மணி, இதுல கண்ணு வருமுங்களா?"

"வராதுங்கய்யா. இது நடக்கறதுக்கு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அதை மொதல்லருந்து இன்னொருக்காப் போடுங்க கண்ணு" என்றார் அந்தப் பொண்ணிடம்.