தண்ணீர் வற்றிய மாதங்களில் படகின் லித்தியம் பேட்டரி

கொங்கு நாட்டில் ஏரிகளிலும் பெரிய மீன் குட்டைகளிலும் மின்மோட்டார் படகு வைத்திருப்பவர்களுக்கு, ஆண்டில் சில மாதங்கள் அதைக் கரையேற்றி வைக்கும்படிதான் ஆகிறது. மழைமறைவுப் பகுதியான நம் ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் சேரும் நீர் கோடை முற்றுவதற்குள் பல இடங்களில் வடிந்துவிடும். படகைக் கவிழ்த்துப் போட்டுவிடலாம். பேட்டரியை அவ்வாறு விட முடியாது. இதைப் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை பனி உறையும் நாடுகளின் குளிர்காலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நமக்கோ படகு ஓய்ந்திருக்கும் காலமே சித்திரை, வைகாசி வெயில் காலம். ஆகவே நாம் அஞ்ச வேண்டியது சூட்டுக்கு.

பழைய ஈய அமில பேட்டரியில் பழகிய கை, எதையும் முழுதாக சார்ஜ் ஏற்றி, சார்ஜரிலேயே மாட்டி வைக்கும். ஈயத்துக்கு அது சரி. அதைக் குறைந்த சார்ஜில் விட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். லித்தியத்துக்கு அப்பழக்கமே கேடு. முழு சார்ஜும் சூடும் ஒன்று சேரும்போது செல்லுக்குள் வேண்டாத வேதிவினைகள் விரைவு பெற்று, பயன்படக்கூடிய லித்தியத்தைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடுகின்றன. வெப்பம் 10 டிகிரி கூடினால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. ஈரோடு, கரூர்ப் பக்கங்களில் வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டும் நாளில், தகரக் கூரை போட்ட மோட்டார் கொட்டகைக்குள் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

எனவே பாதியளவு சார்ஜில் வைப்பதே நல்லது. 40 முதல் 60 விழுக்காடு வரை இருக்கலாம். படகுகளில் இப்போது பரவலாக உள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் வோல்ட் மீட்டரை நம்பி இதை அளக்க இயலாது. 12.8 வோல்ட் பேட்டரி ஓய்வில் 13.1, 13.2 என்று காட்டும்போது, உள்ளே 40 விழுக்காடும் இருக்கலாம், 70 விழுக்காடும் இருக்கலாம். முழுதாக ஏற்றிவிட்டு, கணக்காகச் செலவழிப்பதே நான் நம்பும் வழி. 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 20 ஆம்பியர் இழுக்கும் மோட்டாரை இரண்டரை மணி நேரம் ஓட்டினால் பாதி தீர்ந்திருக்கும்.

பிறகு எல்லா ஒயர்களையும் கழற்றிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. உள்ளிருந்து செல்களைக் கண்காணித்துக் காக்கும் பி.எம்.எஸ். என்னும் மின்சுற்றும், ஒட்டியிருக்கும் மீட்டரும் சேர்ந்து 10 மில்லியாம்பியர் எடுத்தாலே, 20 விழுக்காட்டில் விட்ட 100 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று மாதம் நிறையும் முன்பே வற்றிவிடும். அடியோடு வற்றிய செல்லில் எதிர்மின் முனையின் செப்புத் தகடு கரையத் தொடங்கும். பின்னர் சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு படிந்து உள்ளுக்குள் குறுக்குச்சுற்று ஏற்பட இடமுண்டு. வற்றிப்போன பேட்டரியை வேறு பேட்டரியோடு இணைத்து வலிந்து உயிர்ப்பிக்க முயல்வது ஆபத்தானது என்பதற்குக் காரணம் இதுவே.

பாஸ்பேட் வகை எளிதில் தீப்பிடிக்காது. பாஸ்பரசும் ஆக்சிஜனும் இறுகப் பிணைந்திருப்பதால், சூடேறினாலும் ஆக்சிஜன் சுலபமாக விடுபடுவதில்லை. இந்த வகையை உருவாக்கிய அமெரிக்க விஞ்ஞானி ஜான் குடினஃப் 2019இல் நோபல் பரிசு பெற்றபோது, அவர் சார்பில் நோபல் விரிவுரை ஆற்றியவர் அவருடன் பல்லாண்டு பணியாற்றிய தமிழர் ஆறுமுகம் மந்திரம் என்பதை இங்கே பெருமையோடு நினைக்கிறேன். ஆயினும் எளிதில் பற்றாது என்பதைப் பற்றவே பற்றாது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சாளைக்குள் (தோட்டத்து வீட்டுக்குள்) சோளத்தட்டுப் போருக்கும் டீசல் கேனுக்கும் அருகிலோ, ஆள் படுக்கும் அறையிலோ, வெளியேறும் வாசலை ஒட்டியோ வைக்க வேண்டாம். வெயில் படாத, காற்றோட்டமுள்ள ஓட்டு வீட்டு அறையில், தரையிலிருந்து சற்று உயர்த்தி, முனைகளை டேப் சுற்றி மூடி வைத்தால் போதும். எலி வராத இடமாகவும் இருக்கட்டும். உப்பிய பேட்டரியையோ நீரில் மூழ்கி எடுத்ததையோ வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் மீண்டும் பாதிக்கு ஏற்றுங்கள். ஏரி நிறைந்ததும், பேட்டரிக்கு உரிய சார்ஜரில், பகலில், ஆள் அருகிருக்க முழுதாக ஏற்றி, முழு அளவு எட்டிய பின்னும் சில மணி நேரம் விட்டு வைத்தால், சார்ஜ் அளவில் ஏறுமாறாகிப்போன செல்களை பி.எம்.எஸ். சமன்செய்துகொள்ளும். அதன் பிறகு முனைகளை முறுக்கிப் படகில் பொருத்தலாம்.