மடிக்கணினியின் சிறு துளையும் மூன்று முள் மைக்கும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடப்பதால், விசைப்படகில் தொழிலுக்குப் போகும் என் மாமா தங்கச்சிமடத்து வீட்டிலேயே இருப்பார். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுகள் சிலவற்றை அவர் தம் தகப்பனாரிடம் கேட்டுப் பழகியவர். அவற்றுக்குக் கிட்டாரில் மெல்லிய துணை வாசித்து வீட்டிலேயே பதிவு செய்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கோயில் பாடகர் குழுவுக்காக வாங்கிய டைனமிக் மைக், அதாவது தனியாக மின்சாரம் ஊட்டாமலே இயங்கும் வகை மைக், ஒன்று என்னிடம் இருந்தது. அதன் மூன்று முள் எக்ஸ்எல்ஆர் முனையை 3.5 மில்லிமீட்டர் பின்னாக மாற்றும் கேபிளை ஒரு கடையில் வாங்கி, மடிக்கணினியில் செருகி, முழுப் பாட்டையும் பதிவு செய்தோம்.

கேட்டுப் பார்த்த மாமா, "மருமவனே, பாட்டக் காணோம், காத்தாடி சத்தந்தான் கேக்குது" என்றார். காத்தாடி என்று அவர் சொன்னது மின்விசிறியை. மைக் பழுது என்றே நானும் நினைத்தேன். பிறகு பதிவை ஓடவிட்டு மைக்கின் கம்பி வலையில் நகத்தால் தட்டியபோது திரையில் கோடு அசையவே இல்லை. விசைப்பலகையின் ஓரத்தைச் சுரண்டியதும் கோடு துள்ளி எழுந்தது. மைக்கைச் செருகியிருந்தும் கணினி தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்திருந்தது.

காரணம் அந்தத் துளையின் அமைப்பில் இருந்தது. இப்போதைய மடிக்கணினிகள் பலவற்றில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் ஒரே துளைதான். அதற்குரிய பின்னில் இடது, வலது, புவி, மைக் என நான்கு தொடுமுனைகள் இருக்கும். நான் வாங்கிய கேபிளில் மூன்றே இருந்ததால் கணினி அதை வெறும் ஹெட்போன் என்று எடுத்துக்கொண்டது. மைக்குக்கென்று தனித் துளை உள்ள கணினியிலும் நல்ல பலன் கிடைப்பது அரிது. ஷூர் எஸ்எம்57 போன்ற மைக், ஒரு பாஸ்கல் ஒலியழுத்தத்துக்கு, அதாவது மிக உரத்த ஒலிக்கே, 1.6 மில்லிவோல்ட் அளவே தருகிறது. விரலால் மீட்டும் கிட்டாரில் அதுவும் கிடைக்காது. அதை ஆயிரம் மடங்கு, அதாவது 60 டெசிபெல், இரைச்சலின்றிப் பெருக்குவது ஹெட்செட் மைக்குகளுக்காக வைத்த அந்தச் சிறு சுற்றின் வேலையன்று.

ஆகவே பணம் இருந்தால் முதலில் வாங்க வேண்டியது புது மைக் அன்று, மைக்கின் ஒலியைப் பெருக்கிக் கணினிக்கு எண்களாக அனுப்பும் சிறு பெட்டியான யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ்தான் என்று உறுதியாகச் சொல்வேன். எக்ஸ்எல்ஆர் கேபிளில் இரண்டாம், மூன்றாம் முள்களில் ஒரே ஒலி எதிரெதிராக வருகிறது. வழியில் புகும் மின் இரைச்சலோ இரண்டிலும் ஒரே விதமாகப் புகுவதால், இன்டர்ஃபேஸ் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது இரைச்சல் கரைந்து ஒலி மட்டும் நிற்கிறது. இன்டர்ஃபேஸில் உள்ள 48 வோல்ட் பொத்தான், மின்சாரம் ஊட்டினால்தான் இயங்கும் கண்டன்சர் வகை மைக்குக்கானது. டைனமிக் மைக்குக்கு அதை அழுத்த வேண்டியதில்லை. 24 பிட்டில், அதாவது ஒலியை மிக நுண்ணிதாக அளந்து, பதிவு செய்தால், மிக உரத்த மீட்டலும் மைனஸ் 12 டெசிபெல்லைத் (உச்சவரம்பு பூச்சியம்) தாண்டாதபடி, பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் கெயின் குமிழை வைத்துவிட்டு, ஒலி உடையுமோ என்ற அச்சமின்றி வாசிக்கலாம். கிட்டாரின் நுண்ணொலிகளைக் கண்டன்சர் மைக் கூடுதல் தெளிவாகப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது எங்கள் வீட்டுக் கதவிடுக்கில் சீறும் கச்சான் காற்றையும் அதே தெளிவோடு பிடிக்கும். கடற்கரை ஈரம் ஏறினால் படபடவென்று பொரியவும் செய்யும்.

ஒரே மைக் என்பதால், இன்டர்ஃபேஸ் வழியாக மாமாவின் குரலை முதலில் பதிவு செய்தேன். அம்பாவின் இழுவைக்குத்தான் கிட்டார் போக வேண்டுமே தவிர, கிட்டாரின் தாளத்துக்குள் அம்பாவை அடைக்கக் கூடாது. பிறகு அந்தக் குரலை ஹெட்போனில் கேட்டபடி வாசித்தபோது, என் மீட்டலே எனக்குத் தாமதமாகக் கேட்டது. நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும்போது பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துவைக்கும் மாதிரிகளின் எண்ணிக்கை) 1024 என்றிருந்தால், ஒலி உள்ளே போகவே சுமார் 21 மில்லிநொடி ஆகிறது, திரும்பி வர அவ்வளவே மீண்டும். 128 ஆகக் குறைத்தபோது என் பழைய கணினி திணறி ஒலியை நறுக்கியது. இன்டர்ஃபேஸில் உள்ள டைரக்ட் மானிட்டர் பொத்தானை அழுத்திய பின், கணினிக்குள் போய்வராமலே என் கிட்டார் காதுக்கு வந்தது.

மைக்கைக் கிட்டாரின் ஒலித்துளைக்கு நேரே வைத்தால் ஒலி குடத்துக்குள் பேசுவது போலக் குமுறுகிறது. கிட்டார் கழுத்தின் 12ஆம் ஃப்ரெட்டுக்கு (குறுக்குக் கம்பிக்கு) நேராக, ஒரு சாணுக்குச் சற்று அதிகமான தொலைவில் வைத்தபோதுதான் நரம்பின் தெளிவும் மரத்தின் இனிமையும் ஒன்றாகக் கிடைத்தன.

இப்போது விடியற்காலை நான்கு மணிக்கு, காற்று தணிந்திருக்கும் நேரத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்கிறோம். மாமா தாமே மைக்கின் வலையில் ஒருமுறை நகத்தால் தட்டி, திரையில் கோடு எழுவதைப் பார்த்த பிறகுதான் தொண்டையைச் செருமிக்கொள்கிறார்.