தண்ணீர் ஏன் வளைந்திருக்கிறது?

பாளையங்கோட்டையில் என்னிடம் டியூஷன் வரும் பிளஸ் ஒன் பிள்ளைகள் மீத்தேன், அம்மோனியா, தண்ணீர் மூலக்கூறுகளில் பிணைப்புகளுக்கு இடையே உள்ள கோணங்களை 109.5, 107, 104.5 டிகிரி என்று கடகடவென ஒப்பிக்கிறார்கள். ஏன் குறைகிறது என்று கேட்டால் பதில் இல்லை. எனக்கு அந்த ஏன்தான் முக்கியம்.

மைய அணுவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான் இரட்டைகள் ஒன்றையொன்று விலக்கும். நான்கு பலூன்களின் வாயைச் சேர்த்துக் கட்டினால் தாமாகவே நான்முகியாக விரியுமே, மீத்தேன் அப்படித்தான். நான்கும் பிணைப்பு இரட்டைகள், அதாவது இரு அணுக்களைச் சேர்த்துப் பிடிப்பவை; கோணம் 109.5 டிகிரி.

அம்மோனியாவில் ஒன்று தனித்த இரட்டை, அதாவது பிணைப்பில் சேராதது. அதை மறுபக்கம் இழுத்துப் பிடிக்க இன்னொரு அணுக்கரு கிடையாது. அதனால் நைட்ரஜனை ஒட்டியே அகலமாகப் பரவி, மற்ற மூன்றையும் நெருக்குகிறது. தண்ணீரில் இப்படி இரண்டு. கோணம் இன்னும் இறங்குகிறது. 1957இல் வேதியியலாளர்கள் கில்லெஸ்பியும் நைஹோமும் இதை விதியாக வகுத்தார்கள். எவ்வளவு எளிமை!

இந்த வளைவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தண்ணீர் மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடு மாதிரி நேர்கோடாக இருந்தால் இருபக்க முனைவும், அதாவது ஒரு முனை சற்று நேர், மறுமுனை சற்று எதிர் மின்னூட்டமாக இருக்கும் தன்மையும், ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். உப்பை இந்த அளவு கரைக்காது. பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை தாமிரபரணி தாதுக்களைக் கரைத்துக்கொண்டு போவதற்கு அந்த முனைவு வேண்டும்.

சரி, அடுத்த வகுப்புக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு. அதிலும் இரண்டு தனித்த இரட்டைகள்தான், ஆனால் கோணம் சுமார் 92. கந்தகம் பெரிய அணு. பிணைப்பு இரட்டைகள் மையத்தைவிட்டுத் தள்ளி இருப்பதால் அவற்றுக்குள் விலக்கம் குறைவு. பிள்ளைகளே இதைக் கண்டுபிடிக்கிறார்களா, பார்ப்போம்.